ஏட்டி, ஒருக்க சிரி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், மேலகரத்தில் ஒரு தெரு. பால்காரர் வருவதற்கும் முன்னால் அந்தத் தெருவில் பாலம்மாளின் குரல் கேட்கும். "ஏட்டி, ஒருக்க சிரி." கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு கையையும் தூக்கு." அப்புறம், "ம், சொல்லு." தூக்கக் கலக்கமும் எரிச்சலுமாக ஒரு பெண்பிள்ளையின் குரல், "குத்தாலத்துல சாரல் விழுது" என்று பதில் சொல்லும். வெயில் மண்டையைப் பிளக்கிற சித்திரையிலும் அந்த வீட்டில் மட்டும் குற்றாலத்துச் சாரல் ஒருநாள் தவறாமல் விழுந்துகொண்டிருந்தது.

தெருவில் எல்லோரும் கேட்டுச் சலித்துப் போயிருந்தார்கள். பாலம்மாளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் காதில் விழும்படியாகவே பேசினார்கள். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு இந்தப் பாடு படுத்துகிறாளே, நாலு பெற்றிருந்தால் தெருவையே தூங்கவிட மாட்டாள் என்று கேலி செய்தார்கள். பாலம்மாளைப் பிடித்திருந்தது கிறுக்கு இல்லை, பயம். அது வந்த கதையைச் சொன்னால்தான் பாலம்மாளைப் பற்றிச் சொன்னதாக ஆகும்.

அவள் ஆலங்குளத்துப் பக்கம் பிறந்தவள். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு விவரம் தெரிந்ததும் மடியில் சுளவை, பீடி சுற்றுகிற முறத்தை, தூக்கி வைத்துவிடுவார்கள். இலையை நனைத்து, கத்தரியால் அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, வாயை மடக்கி அடைக்கிற வரைக்கும் அவளுக்குக் கண்ணே வேண்டாம், விரல் போதும். மேலகரத்து இசக்கியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதும் சுளவு கூடவே வந்தது. இசக்கியப்பன் தென்காசி ரயிலடியில் குதிரைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். சாரல் காலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களை ஏற்றி இறக்கவே அவனுக்கு நேரம் பற்றாது. மற்ற மாதங்களில் அவனும் குதிரையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகத் தங்கியவள் உலகம்மாள். தென்காசிக் கோயில் அம்மன் பெயரை வைத்து, உலகு, உலகு என்று கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நேரத்தில் உலகுவும் அம்மா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுற்றின பீடிகளுக்கு வாய் மடக்குவாள். சின்ன விரல்களுக்கு அந்த வேலை சுளுவாக வரும். தெருப் பெண்கள் நாலைந்து பேர் பாலம்மாள் வீட்டு முன்னறையில் சேர்ந்து உட்கார்ந்துதான் பீடி சுற்றுவது வழக்கம். ஒரு கை ஓடும், ஒரு வாய் ஓடும். இரண்டில் வாய்தான் எப்போதும் முந்தும். அதிலும் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் வந்துவிட்டால் சுவர்கூடச் சிரிக்கும்.

எழுபத்தைந்தாம் வருஷம் உலகுவுக்கு எட்டு வயது. அதற்கு முந்தின வருஷம் அவளுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டுக் கொஞ்ச நாள் கழித்து முழங்கால் வீங்கி வலித்தது. அது வற்றியதும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. வலி வீடு மாறுகிற குடித்தனக்காரன் போல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. சம்மணம் போட்டுப் பீடி சுற்றினால் முட்டு வலிக்கத்தானே செய்யும் என்று பாலம்மாள் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கித் தேய்த்துவிட்டாள். வலியும் போய்விட்டது. பிறகு பிள்ளைக்கு ஓடினால் மூச்சு வாங்கியது. பீடித் தூள் நெஞ்சில் இறங்கியிருக்கும் என்றார்கள். அந்தத் தெருவில் இருமினாலும் பீடி, முதுகு வலித்தாலும் பீடி, கண் எரிந்தாலும் பீடி. அதற்குமேல் காரணம் தேடிப் போகிற பழக்கம் யாருக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் பீடி மேலேயே பழியைப் போட்டுப் பழகியதுதான் கடைசியில் பிள்ளையின் கையைக் காவு வாங்கியது.

ஆனி மாதம். கடைக்குப் பீடி ஒப்படைக்கிற நாள். வெளியே சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது; இசக்கியப்பன் விடிந்ததுமே வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். முன்னறையில் பெண்கள் தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உலகு திடீரென்று, "எம்மா, கை மரத்துப் போச்சும்மா" என்றாள்.

"உதறிட்டுச் செய்யிட்டி" என்றாள் பாலம்மாள், நிமிர்ந்து பார்க்காமல். "எனக்குந்தான் காலு ரெண்டும் மரத்துக் கெடக்கு. நான் என்ன எந்திரிச்சு ஓடியா போயிட்டேன்?"

ஆவுடைத்தாய்க்கு இது போதாதா? "வேலைக்கு மடி வந்தா மொதல்ல மரக்குறது கைதான் பாத்துக்கோ. எங்க வீட்டு ஆளுக்கு வருசம் பூரா மரத்துத்தான் கெடக்கு" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாலம்மாளும் சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் உலகு மடக்கின பீடிகள் வாய் திறந்து தூள் கொட்ட ஆரம்பித்தன. அவள் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. பீடி பாழாகிறதே என்ற ஆத்திரத்தில் பாலம்மாள் கத்தரியின் பிடியால் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். கை இழுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளையும் அடி விழுந்தால் கையை வெடுக்கென்று இழுக்கும். அந்தக் கை விழுந்த இடத்திலேயே கிடந்தது. உலகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

"எனக்கே பழிப்புக் காட்டுதியாட்டி?" என்று பாலம்மாள் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

பிள்ளை அழுவதற்கு வாயைத் திறந்தாள். பாதி முகம்தான் அழுதது. வாயிலிருந்து வந்தது பேச்சாக இல்லை. கூழை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போல் ஏதோ வந்தது. பிறகு அப்படியே வலது பக்கமாகச் சாய்ந்து சுளவின் மேல் விழுந்தாள். இலையும் தூளும் அறை முழுக்கச் சிதறின. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தர் பாக்கி இல்லாமல் எழுந்து நின்றார்கள். பாலம்மாள் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். தான் அடித்ததால்தான் வாய் கோணிவிட்டதென்றே அந்த நேரத்தில் அவள் நினைத்தாள்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காத்து கருப்பு அடிச்சிருக்கு என்றாள் ஒருத்தி. உச்சிப்பொழுதில் ஓடைப் பக்கம் போனாளா என்று கேட்டாள் இன்னொருத்தி. கூட்டத்தில் முத்துவடிவு என்று ஒருத்தி இருந்தாள். வாசுதேவநல்லூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவள் மெள்ள, "எங்க மாமனாருக்கு வந்துதுல்லா பக்கவாதம், அது கணக்கால்லா இருக்கு" என்று வாயெடுத்தாள்.

"சவத்த மூடு!" என்று ஆவுடைத்தாய் அவள் மேல் பாய்ந்தாள். "பச்சப்புள்ளைக்குப் பக்கவாதமா? கெழடு கட்டைக்கு வாரத கொண்டாந்து பிள்ளை தலையில வைக்கியே, ஒனக்கு நாக்கு அழுவாது?"

முத்துவடிவு குனிந்து சிதறின இலையைப் பொறுக்கத் தொடங்கினாள். அத்தனை பேரில் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். ஆனால் அன்றைக்கு ஆவுடைத்தாய் சொன்னதுதான் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பாலம்மாளுக்கும் அப்படித்தான் பட்டது. பிள்ளைக்கு வராது என்று யாராவது அடித்துச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் மனது தவித்தது. ஆவுடைத்தாய் சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டாள்.

இசக்கியம்மன் கோயில் திருநீறு வந்தது. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். பொழுது சாயும்போது வந்த இசக்கியப்பன் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ பேரை அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அருவியில் விட்டிருக்கிறான். சித்தம் கலங்கிச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்தவர்கள்கூடக் குளிக்கக் குளிக்கத் தெளிந்து போனதாகப் பேச்சு. அருவித் தண்ணீர் மலை முழுக்க மூலிகையைத் தொட்டுக்கொண்டு வருகிறது, அதற்குத் தீராதது எதற்குத் தீரும் என்பது அவன் எண்ணம். "விடிஞ்சதும் அருவிக்குக் கொண்டு போயிருவம். தண்ணி தலையில விழுந்தா எல்லாம் எறங்கிரும்" என்றான்.

தென்காசி ஆஸ்பத்திரி இருக்கிற திசையில் வண்டியைத் திருப்பியிருக்கலாம். அதுவும் அதே தூரம்தான். யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பேரருவியில் நல்ல தண்ணீர். சத்தம் அருவிக்கரைக் கோயில் வாசலிலேயே காதை அடைத்தது. பெண்கள் குளிக்கிற பக்கத்துக்கு இசக்கியப்பன் வர முடியாது என்பதால் அவன் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டான். பாலம்மாள்தான் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் கால் ஊன்றி ஊன்றிப் போனாள். எண்ணெய்ப் பிசுக்கோடு நெருக்கிக்கொண்டு நின்ற பெண்கள், சுகமில்லாத பிள்ளை என்று தெரிந்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

தண்ணீர் கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி தலையில் விழுந்தது. உலகுவின் இடது கை சட்டென்று மேலே போய் முகத்தை மூடிக்கொண்டது. இடது கால் பாலம்மாளின் இடுப்பைச் சுற்றி இறுக்கியது. வலது கையும் வலது காலும் தொங்கின. அத்தனை அடியிலும் அவை தண்ணீர் தள்ளுகிற பக்கம் ஆடிக்கொண்டிருந்தன, கொடியில் காய்கிற ஈரத்துணி போல. பாலம்மாள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். நேற்றுக் கத்தரிப் பிடியால் அடித்த இடம் லேசாகக் கன்றியிருந்தது. அப்போது முகத்தை மூடின விரல்களுக்கு நடுவே பிள்ளையின் கண் அவளைப் பார்த்தது. கூப்பிட முடியாமல், வாயில் தண்ணீர் இறங்கித் திணறிக்கொண்டு, என்னை ஏன் இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. மூச்சு முட்டிச் செத்துப்போய்விடுவாள், நம் இடுப்பிலேயே செத்துப்போய்விடுவாள் என்று பாலம்மாள் பதறினாள்.

அவள் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்களைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி வந்தாள். எங்கே விழுந்தாள், எப்படி எழுந்தாள் என்று பிற்பாடு அவளுக்கு ஞாபகமே இல்லை. முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. இசக்கியப்பன், "இன்னும் கொஞ்ச நேரம் காட்டுளா" என்று தொடங்கினான்.

"காட்டுன வரைக்கும் போதும். வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் அப்படி உத்தரவு போட்டதில்லை. அவன் சவுக்கை எடுத்தான்.

தென்காசியில் பார்த்த டாக்டர் பிள்ளையின் காலடியில் பேனா முனையால் கோடு இழுத்துப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நேற்றுக் காலையிலிருந்து என்று பாலம்மாள் சொன்னதும் அவர் முகம் மாறியது. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை, அவசரமாகச் சீட்டு எழுதிக் கொடுத்து, உடனே பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். ஆலங்குளம் வழியாக பஸ் போனபோது சொந்த ஊர் ஜன்னலில் வந்து போனதை அவள் பார்க்கவே இல்லை. பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனாள்.

பாளையங்கோட்டையில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். கண்ணாடி போட்டவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். முன்னால் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்ததா, மூட்டு மூட்டாக வலி மாறி வந்ததா, ஓடினால் மூச்சு வாங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கூடவே இருந்து பார்த்தவரைப் போல் அவர் கேட்கக் கேட்க, பாலம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். கற்பூர எண்ணெய் தேய்த்ததைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"அந்தத் தொண்டைக் காய்ச்சல் இவ இருதயத்தைக் கெடுத்திருக்கும்மா" என்றார் டாக்டர். "அங்கே சேர்ந்த ரத்தக்கட்டி ஒண்ணு கிளம்பிப் போய் மூளைக்கு ரத்தம் போற குழாயை அடைச்சிருக்கு. இது பக்கவாதம்தான்."

"பிள்ளைக்குமா அம்மா வரும்?"

"வரும். பிறந்த குழந்தைக்கும் வரும், வயித்துக்குள்ள இருக்கிற குழந்தைக்குக்கூட வரும். பெரியவங்களை விடக் குறைச்சலா வருது, அவ்வளவுதான். பிள்ளைக்கு வராதுன்னு நினைச்சே நிறையப் பேர் நாளைக் கடத்திட்டு வர்றாங்க."

பாலம்மாள் பிள்ளையின் விளங்காத கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம், "திரும்பவும் வருமா?" என்று கேட்டாள்.

"வரலாம்" என்றார் டாக்டர்.

அந்த ஒரு சொல் பாலம்மாளின் மீதி வாழ்க்கையை எடுத்துக்கொண்டது. மாதா மாதம் ஊசி போட வேண்டும், தொண்டைக் காய்ச்சல் மறுபடி வரவிடாமல் அது காக்கும், நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொன்னார். முகம் கோணினாலோ, ஒரு பக்கத்துக் கையோ காலோ விளங்காமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ, திடீரென்று வலிப்பு வந்தாலோ, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பாலம்மாள் கேட்டாள். "சிரிக்கச் சொல்லுங்க, ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க, ஏதாவது பேசச் சொல்லுங்க. வித்தியாசம் உங்களுக்கே தெரியும்" என்றார். சந்தேகம் வரும்போது பார்ப்பதற்காகச் சொன்னார். சந்தேகம் இல்லாத நாள் என்று ஒன்று தனக்கு இனிமேல் இருக்கப்போவதில்லை என்று பாலம்மாளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில், வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது, அது தொடங்கியது. "ஏட்டி, ஒருக்க சிரி."

உலகு மெள்ள மெள்ள நடந்தாள், வலது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு. பேச்சுத் தெளிந்தது. வலது கை தோள் வரைக்கும் தூக்க வந்தது. விரல்கள் மட்டும் மடங்கியே நின்றுவிட்டன. சிரித்தால் வாயின் வலது ஓரம் ஒரு மயிரிழை தாழ்ந்திருக்கும். அந்த மயிரிழை எவ்வளவு என்பது பாலம்மாளுக்கு மனப்பாடம். பிள்ளையை அதற்குப் பிறகு சுளவுக்குப் பக்கத்தில் உட்காரவிடவில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டு உலகு பள்ளிக்கூடம் போனாள். அவள் திரும்பி வருகிற நேரம் ஐந்து நிமிஷம் தவறினால் பாலம்மாள் தெருமுனையில் நிற்பாள். தெருவில் வேகமாக யாராவது ஓடிவந்தால் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவாள். மாதத்து ஊசியை ஒரு தடவைகூட விட்டதில்லை. கொட்டுகிற ஐப்பசி மழையிலும் பிள்ளையைச் சாக்கால் மூடிக் கூட்டிக்கொண்டு போனாள்.

பதின்மூன்று வயதில் உலகுவுக்கு இந்தக் காலைச் சடங்கு கட்டோடு பிடிக்காமல் போனது. கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளைக் கண்டாலே கையைத் தூக்கிக்கொண்டு, "குத்தாலத்துல சாரல் விழுது" என்று பாடினார்கள். யாருக்குத்தான் கோபம் வராது? ஒருநாள் காலையில் பாலம்மாள் சிரிக்கச் சொன்னதும் உலகு வேண்டுமென்றே வாயை ஒரு பக்கமாக இழுத்துக் கோணிக்கொண்டு, நாக்குக் குழறி ஏதோ உளறினாள். விளையாட்டுத்தான். அம்மா திட்டுவாள், அடிக்க வருவாள், ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

பாலம்மாள் திட்டவில்லை. நின்ற இடத்திலிருந்து மரம் சாய்வது போல் சாய்ந்து அடுப்பங்கரைப் படியில் மண்டை மோத விழுந்தாள். நெற்றியில் தையல் போட்டு வந்த பிறகும் நாலு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உலகு அதற்குப் பிறகு அந்த விளையாட்டுக்குப் போகவில்லை. கூப்பிட்டதும் எழுந்து வந்து சிரித்தாள், கையைத் தூக்கினாள், சாரல் விழுகிறது என்றாள். எரிச்சல் மட்டும் போகவில்லை. "இப்பிடி நித்தமும் பயந்து பயந்து என்னத்தம்மா கண்ட?" என்று ஒருதடவை கேட்டாள்.

"நீ உயிரோட இருக்கதக் கண்டேன்" என்றாள் பாலம்மாள்.

எண்பத்தைந்தாம் வருஷம், மறுபடியும் சாரல் காலம். உலகுவுக்கு வயது பதினெட்டு. குதிரைவண்டிகளுக்கு மவுசு குறைந்து, இசக்கியப்பன் ரயிலடியில் நிற்கிற நேரம் கூடிப்போயிருந்தது. சாரல் மாதங்களில்தான் கொஞ்சம் ஓட்டம். அன்றைக்குச் சவாரி இல்லாததால் வண்டியை வீட்டு வாசலிலேயே விட்டிருந்தான். முன்னறையில் வழக்கம்போல் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். பாலம்மாள் சுற்றினதை ஒப்படைக்கக் கடைக்குப் போயிருந்தாள்.

கடையில் கூட்டம். பீடியை ஒப்படைத்துவிட்டு, காலிச் சுளவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரும்பித் தெருமுனைக்கு வந்தபோது, தன் வீட்டு வாசலில் ஊரே திரண்டு நிற்பதைப் பார்த்தாள். வண்டியைக் காணவில்லை. வாசற்படியில் உலகுவின் செருப்பு ஒன்று மல்லாந்து கிடந்தது. கூட்டத்தில் யாரோ, "வாயி கோணிட்டு. ஒரு பக்கமா இழுத்துட்டு" என்று சொல்வது காதில் விழுந்தது.

பத்து வருஷமாகக் காத்திருந்தது வந்துவிட்டது என்று பாலம்மாள் நினைத்தாள். சுளவு இடுப்பிலிருந்து நழுவியது. காலையில் சரியாகச் சிரித்தாளே, ரெண்டு கையையும் தூக்கினாளே, நான் பார்த்தேனே, நல்லாத்தானே பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினாள். எதிரே வந்தவர்கள் ஏதோ சொன்னார்கள். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. முத்துவடிவுதான் அவளை இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தி உலுக்கினாள்.

"எக்கா, நம்ம உலகுவுக்கு ஒண்ணும் இல்ல. ஆதித்தனுக்கு, எக்கா. ஆவுடைத்தாய் மவன் ஆதித்தனுக்கு."

ஆதித்தன் ஆவுடைத்தாயின் கடைக்குட்டி. ஐந்து வயது. நடந்ததை முத்துவடிவு மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். பையன் பெண்கள் நடுவில் உட்கார்ந்து காலி நூல்கண்டுகளை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தானாம். கால் மரத்துப்போச்சு என்றானாம். உதறிட்டு எந்திரிலே என்று ஆவுடைத்தாய் சொன்னாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த உலகு மட்டும் சிரிக்காமல் வந்து அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாளாம்.

"'ஏலே ஆதித்தா, ஒருக்க சிரி'ன்னா. பிள்ள சிரிச்சான் எக்கா, பாதிதான் சிரிச்சான். கையத் தூக்குன்னா, ஒண்ணுதான் மேல போச்சு. அம்புட்டுத்தான். தூக்குங்க, வண்டியப் பூட்டுங்கன்னு போட்டா பாரு ஒரு சத்தம்! ஆவுடைத்தாய் மதினி, காத்தா இருக்கும், திருநீறு போட்டுப் பாப்பம்னு அழுதா. 'அத்தே, எனக்கும் அன்னைக்கு இதத்தான் சொன்னிய'ன்னு உலகு சொன்னா பாரு, மதினி பிள்ளையத் தூக்கிட்டு வண்டியில ஏறிட்டா. ஒங்க வீட்டு மச்சான் வண்டியப் பறக்க விட்டுட்டாவ."

பாலம்மாள் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருபக்கம் தன் பிள்ளை இல்லை என்ற நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்த உடனே ஆவுடைத்தாயின் முகம். இரண்டும் சேர்ந்து அழுகையாக வந்தது. மல்லாந்து கிடந்த செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பொழுது சாய உலகுவும் இசக்கியப்பனும் திரும்பினார்கள். உலகு ஒற்றைச் செருப்போடு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே ஆதித்தனுக்கு வலிப்பு வந்துவிட்டதாம். உடனே ஊசி போட்டு நிறுத்தி, அவனைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆவுடைத்தாயும் அவள் புருஷனும் கூடப் போயிருக்கிறார்கள். அந்த வலிப்பு வீட்டில் வந்திருந்தால் பிள்ளை என்ன ஆகியிருப்பான் என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். எதனால் வந்தது என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டுமாம். கையும் காலும் எவ்வளவு திரும்பும் என்பது யாருக்கும் தெரியாதாம்.

"அத்தை பஸ்சுல ஏறுத வரைக்கும் என் கைய விடல்ல" என்றாள் உலகு. மடங்கின விரல்களைக் காட்டி, "இந்தக் கைய" என்றாள்.

மறுநாள் காலையில் பாலம்மாளுக்கு முழிப்புத் தட்டியபோது சாரல் காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. எழுந்து வாசல் தெளிக்கப் போனவள் வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். எதிர்வீட்டிலிருந்து முத்துவடிவின் குரல். "ஏலே, எந்திரி. ஒருக்க சிரி பாப்பம்." அடுத்த வீட்டிலிருந்து ஒருத்தி, "கையத் தூக்குட்டி, ரெண்டையும்" என்று அதட்டினாள். இன்னொரு வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை, என்ன ஏது என்று தெரியாமல், "குத்தாலத்துல சாரல் விழுது" என்று ராகம் போட்டுச் சொன்னது. தெருவில் பிள்ளை இருக்கிற வீடு ஒன்று பாக்கியில்லை. பத்து வருஷமாகக் கிறுக்கி என்று சிரித்த தெரு அது. அந்தக் குரல்கள் ஒவ்வொன்றிலும் இருந்தது தன்னுடைய பயம்தான் என்று பாலம்மாளுக்குத் தெரிந்தது. சந்தோஷப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தனை நாளும் ஒற்றை ஆளாகச் சுமந்ததை நாலு பேர் கை கொடுத்து வாங்கிக்கொண்டது போல் தோள் லேசாக இருந்தது. வாளியைக் கீழே வைக்கவும் மறந்து கேட்டுக்கொண்டே நின்றாள்.

"எம்மா."

திரும்பிப் பார்த்தாள். உலகு வாசற்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு என்னையக் கேக்கவே இல்லியே?"

பாலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறந்தேபோயிருந்தாள். வாயைத் திறப்பதற்குள் உலகு தானாகவே இரண்டு கைகளையும் தூக்கினாள். வலது கை எப்போதும் போல் தோள் மட்டத்தில் நின்றது. "குத்தாலத்துல சாரல் விழுதும்மா" என்றாள். அப்புறம் சிரித்தாள்.

பாலம்மாள் உற்றுப் பார்த்தாள். வாயின் வலது ஓரம் எப்போதும் தாழ்ந்திருக்கிற அளவுக்குத்தான் தாழ்ந்திருந்தது.